பூட்டின கதவுக்கு முன்னால் ஒரு சத்தியம்

போன கிழமை நிரோஷினி எனக்குப் போன் எடுத்தாள். என்னிடம் ஜூனியராக இருந்தவள். இப்போது மட்டக்களப்பில் தன் பெயர்ப்பலகையை மாட்டித் தனியாக வழக்குப் பேசுகிறாள். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினார்களாம். எழுத்து ஒன்றும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. இப்போது ஒருத்தன், அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறானாம்.

"இதுக்கு என்னென்ன வழி இரிக்கி மிஸ்?"

"நேரத்தோட சாப்பிட்டுட்டுப் படுக்கிற வழி இரிக்கி" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பிறகு மனம் கேளாமல், தெரிந்த வழிகளைச் சொல்லிக் கொடுத்தேன். அவளுடைய கட்சிக்காரனிடம் வட்ஸ்அப் குரல் பதிவு ஒன்று இருக்கிறதாம், வங்கியில் காசு மாறின விபரமும் இருக்கிறதாம். கொடுத்து வைத்தவன். போனை வைத்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. என் பழைய கட்சிக்காரர் சாமித்தம்பி வந்து நெஞ்சில் குந்திக்கொண்டார்.

சட்டத்தரணிகள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இளம் ஆட்கள் என்னை நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். 'தொழிலில் கண்ட இனிய அனுபவங்கள்' என்று தலைப்பும் அவர்களே போட்டுத் தந்தார்கள். இனிய அனுபவம் வேண்டுமென்றால் கலியாண மண்டபம் வைத்திருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள் பிள்ளைகளே. என்னிடம் இருப்பது இதுதான்.

நான் தொழில் பழகினது காத்தான்குடி ஹனீபா சேரிடம். ஒரு தமிழ்ப் பெட்டை ஒரு முஸ்லிம் லோயரின் கந்தோரில் என்ன செய்கிறாள் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் கதைத்தார்கள். அதற்கு முதல் மூன்று தமிழ் லோயர்மார், 'பொம்பிளப் புள்ளைக்கு இந்த வேல சரிவராது' என்று என்னைத் திருப்பி அனுப்பியதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. ஹனீபா சேர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மகள், ஆம்பிளையள் பொய் சொல்லக்குள்ள முகத்தப் பாத்துக்கிட்டு இரிக்க ஏலுமா?" ஏலும் என்றேன். அடுத்த நாளே வரச் சொன்னார்.

சேரிடம் ஒரு முறை இருந்தது. கட்சிக்காரன் வந்து தன் கதையைச் சொல்லும்போது பேனையைத் தொடமாட்டார். கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புது ஆட்கள், மனிசன் நித்திரையாகிவிட்டார் என்று நினைத்துக் குரலை உயர்த்துவார்கள். முழுக்கச் சொல்லி முடிந்ததும் கண்ணைத் திறந்து, "நல்லது. இப்ப நீங்கதான் அவரு. அவர்ட கதையச் சொல்லுங்க" என்பார். கட்சிக்காரன் முழிப்பான். சேர் விடமாட்டார். எதிராளி எந்தக் கதிரையில் எப்படி இருப்பான், எந்தச் சொல்லில் மறுப்பான், எந்த இடத்தில் கோபப்படுவான், எல்லாவற்றையும் அவனைக் கொண்டே நடித்துக் காட்ட வைப்பார். அதற்குப் பிறகுதான் பேனை மூடியைக் கழற்றுவார்.

"எதிரிட கதைய ஒழுங்காச் சொல்லுறவனுக்கு வழக்கு இரிக்கி மகள். எதிரி முழுக் கள்ளன், நான் முழு நல்லவன் எண்டு சொல்லுறவன் நமக்கிட்ட எதையோ மறைக்கான்."

வாய்ப்பேச்சு வழக்கு ஒன்றைச் சேர் எப்படி வென்றார் என்று ஒரு முறை பார்த்தேன். ஒரு நெசவுக்காரர் ஒரு கடைக்காரருக்குச் சாரம் நெய்து கொடுத்திருந்தார், வாய்ச்சொல்லை நம்பி. கடைக்காரர், நான் கேட்கவே இல்லை என்றார். சேர் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பினார். என்ன பேசினார்கள், என்ன கொடுத்தார், எல்லாம் விபரமாக எழுதி, பதிவுத் தபாலில் போட்டார். கடைக்காரர், பதில் போட்டால்தானே வம்பு என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். சேருக்கு அந்தச் சந்தோசம் தாங்கவில்லை. வியாபார விஷயமாக வந்த கடிதத்துக்கு மறுப்பு எழுதாமல் இருந்தால், அதை ஒத்துக்கொண்டதாக நீதிமன்றம் எடுக்கலாம். எடுத்தது. நெசவுக்காரர் வென்றார். இந்தக் காலத்தில் அந்தப் பிழையை ஒருவரும் விடுவதில்லை. கடிதம் கிடைத்த கிழமையே 'முற்றாக மறுக்கிறோம்' என்று பதில் வந்து நிற்கும்.

இன்னொன்றையும் சேர் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரலில் பகிடி இருக்காது.

"சத்தியத்துக்கு மட்டும் வழக்கக் கொண்டுபோயிராத மகள். சட்டத்துல அதுக்கு இடம் இரிக்கி. இரிந்தாலும் போகாத."

சட்டத்தில் இடம் இருப்பது உண்மைதான். சிவில் வழக்கில் ஒரு பகுதியார், 'எதிராளி தன் சமயத்து முறைப்படி இன்னதைச் சத்தியம் பண்ணினால் நான் அதற்குக் கட்டுப்படுகிறேன்' என்று சொல்லலாம். எதிராளி அதற்கு உடன்பட்டுச் சத்தியம் பண்ணினால் அதோடு முடிந்தது. வேறு சாட்சி இல்லை, மேன்முறையீட்டுக்குப் போனாலும் சத்தியத்தை அசைக்க முடியாது. பண்ணாவிட்டால் கேட்டவனுக்கு வெற்றி. ஆட்கள் இந்த இரண்டாவது பாதியை மட்டும்தான் யோசிப்பார்கள். "பொய் சொல்லுறவனுக்குப் பள்ளிவாசலும் ஒரு கட்டடந்தான் மகள்" என்பார் சேர். சேர் மௌத்தாகி, அவரை அடக்கிப் பல வருஷம் கழித்துத்தான் சாமித்தம்பி என் கந்தோர் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

சாமித்தம்பி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு ஊர். மேசன். பெரிய கைகள். கதிரையில் இருக்கச் சொன்னால் நுனியில்தான் இருப்பார். அவருடைய கூட்டாளி பேரின்பம், அதே ஒழுங்கையில் வீடு, மீனும் நண்டும் வாங்கி விற்கிறவன். சின்ன வயதில் ஒன்றாகத் திரிந்தவர்கள். இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே முகாமில் ஒரே தறப்பாளுக்குக் கீழே இரண்டு குடும்பமும் கிடந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் கூட்டாளி என்றால் சிநேகிதன். சேர்ந்து தொழில் செய்கிறவனுக்கும் அதே சொல்தான். இந்த ஒரு சொல் அந்த வழக்கில் எங்களுக்குக் கொடுத்த வேதனை கொஞ்சநஞ்சம் இல்லை.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் வாவி நண்டுக்குக் கொழும்பில் நல்ல கிராக்கி வந்தது. பேரின்பத்துக்கு ஒரு வாடி வேண்டும். சும்மா ஓலைக் கொட்டில் இல்லை, நண்டு கழுவி ஐஸ் போட்டு வைக்கிற கட்டடம். பேரின்பத்துக்கு நண்டு தெரியும், சாமித்தம்பிக்குச் சுவர் தெரியும். சாமித்தம்பியின் வளவில் கல்லும் சீமெந்தும் கம்பியும் அடுக்கிக் கிடந்தன. மகள் வினோதினியின் வீட்டுக்கென்று பல வருஷமாகச் சேர்த்தவை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். வீடு இல்லாவிட்டால் கலியாணம் இல்லை, அவ்வளவுதான் கதை. அவளுக்குப் பேச்சுக்கால் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கல்லையும் சீமெந்தையும் தூக்கி வாடிக்குக் கட்டினார் சாமித்தம்பி. 'வாற வருமானத்தில முதல் வேலையா வினோதினிட வீடு, மறுகா பாதிக்குப் பாதி' என்று வாவிக்கரையில் நின்று இரண்டு பேரும் கையடித்துக்கொண்டார்களாம். வாடி எழும்பின காணி ஆருடையது? பேரின்பத்தின் பெண்சாதி பூமணியின் சீதனக் காணி. எங்கள் ஊர்களில் ஆண்களுக்கு ஏது காணி? அவர்கள் பெண்சாதி வீட்டில் இருக்கிற ஆட்கள். அடுத்தவன் பெண்சாதியின் சீதனத்துக்கு மேல் தன் மகளின் சீதனத்தைக் கொண்டுபோய்க் கட்டின மனிசனை நான் அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை.

"ஒரு துண்டு எழுதி வாங்கியிருக்கலாமே சாமித்தம்பி?"

"எழுதித் தா எண்டு கேட்டா அவன் என்ன நெனப்பான் மிஸ்?"

"இப்ப அவன் என்ன நெனக்கான்?"

நடந்தது இதுதான். வாடி நன்றாக ஓடியது. கொழும்புக் கம்பனி ஒன்று வந்து நிரந்தரமாக நண்டு எடுப்பதாக ஒப்பந்தம் எழுதியது. வங்கிக் கடனும் வந்தது. எல்லாம் காணிக்காரி என்று பூமணியின் பெயரில். பூமணியின் அண்ணன் தம்பிமார், 'இதுக்குள்ள மேசன் என்ன செய்யிறான்?' என்று கேட்டார்கள். பேரின்பம் முதலில் மழுப்பினான். பிறகு, பொறு பொறு என்றான். கடைசியில் ஒரு நாள், கூட்டு என்று ஒன்றும் இல்லை, நீ மேசன் வேலை செய்தாய், கூலி எடுத்தாய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் தவணை. அதன் கடைசி மாதங்கள் வரைக்கும் சாமித்தம்பி, அவன் மனம் மாறுவான் என்று காத்திருந்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

ஹனீபா சேரின் முறைப்படி, "இப்ப நீங்கதான் பேரின்பம். அவன்ட கதையச் சொல்லுங்க" என்றேன்.

மனிசன் நிமிர்ந்து இருந்தார். தொண்டையைச் செருமினார். "சாமி, கொஞ்சம் பொறுடா. புள்ளட வீட்ட முதல்ல முடிப்பம்" என்றார்.

"அப்பிடியா சொன்னவன்?"

"இல்ல மிஸ். ஆனா அவன் அப்பிடித்தான் சொல்லுவான்."

எனக்கு எரிச்சல் வந்தது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பேரின்பமாக இருந்து ஒரு மறுப்பை அவர் வாயால் எடுக்க முடியவில்லை. சேரின் பரீட்சையில் இப்படி ஒரு விடைக்கு இடமே இல்லை. நடிப்பில் கூடத் தன் கூட்டாளியைப் பொய்யனாக்க மாட்டேன் என்கிற ஆளுக்கு வழக்குப் பேசப்போகிறேன் என்று எனக்கு அன்றைக்கே விளங்கிப்போயிற்று.

பொலிசுக்கு ஏற்கெனவே போயிருந்தார். 'இது சிவில் பிரச்சின, கோட்டுக்குப் போங்க' என்று அனுப்பிவிட்டார்கள். நான் கோரிக்கைக் கடிதம் போட்டேன், கிழமைக்குள் மறுப்பு வந்தது. மத்தியஸ்த சபைக்குப் போனோம். பாடசாலை வகுப்பறை ஒன்றில், சின்னப் பிள்ளைகளின் வாங்குகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு எல்லாரும் இருந்தோம். பேரின்பம் நல்ல வெள்ளைச் சேட்டோடு வந்து, "சாமித்தம்பி என்ட கூட்டாளிதான் ஐயா. ஆரு இல்லையெண்ட?" என்றான்.

சாமித்தம்பி என் கையைப் பிடிக்காத குறை. "ஒத்துக்கிட்டான் மிஸ், ஒத்துக்கிட்டான்!"

"கஷ்டமெண்டா ஒரு கூட்டாளிக்கு உதவி செய்யத்தானே வேணும். செய்யிறன். ஆனா வாடியில அவருக்குப் பங்கு எண்டு கதைக்க ஒண்ணா" என்று முடித்தான் பேரின்பம். சபையில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் மிகவும் திருப்திப்பட்டு, உதவி செய்கிறாராமே, வாங்கிக்கொண்டு போங்களேன் என்றார். இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யும்போது கூட்டு வியாபாரம் என்கிற பகுதி நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் முதல் போட்ட கூட்டு, எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு கூட்டே இல்லை. வெள்ளைக்காரன் இதை எழுதின காலத்தில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு தென்னந்தோட்டம் வாங்கியிருக்கலாம். இன்றைக்கு நல்ல நண்டு ஒரு கிலோ வாங்க ஏலாது. அந்தச் சட்டத்தின் பெயர் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். மோசடியைத் தடுக்க வந்த சட்டத்துக்குப் பின்னால் பேரின்பம் போய் வசதியாக ஒளிந்துகொண்டான்.

ஆனால் எனக்கு இன்னொரு வழி இருந்தது. ஒருவன் காணிக்காரரின் முழு அறிவோடு அந்தக் காணியில் தன் பொருளைப் போட்டு நல்ல நம்பிக்கையில் ஒரு கட்டடம் எழுப்பினால், காணிக்காரர் அதைச் சும்மா அனுபவிக்க முடியாது. பெறுமதியைக் கொடுக்க வேண்டும். அதற்குக் கூட்டு ஒப்பந்தத்தை நிரூபிக்கத் தேவையில்லை. கல்லும் சீமெந்தும் ஆருடையது என்று காட்டினாலே போதும். பூமணியையும் எதிராளியாக்கினேன். ஏறாவூர் ஹார்ட்வெயார் கடை முதலாளி, 'அந்தச் சீமெந்த மகள்ட வீட்டுக்கெண்டு அவருதான் எனக்கிட்ட வாங்கின, எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுவன்' என்று நின்றார். பங்கு கிடைக்காது. ஆனால் வினோதினியின் வீடு கிடைக்கும். எனக்கு அது போதும்.

விசாரணை நாளில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சாமித்தம்பியைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"பேரின்பம் உங்களுக்கு ஆர்?"

"கூட்டாளி."

"சிநேகிதனா, தொழிலில் பங்குதாரனா?"

"ரெண்டும் ஒண்டுதானே ஐயா."

நீதிபதி பேனையை நிறுத்தி, எதை எழுதுவது என்று கேட்டார். சாமித்தம்பிக்குக் கேள்வியே விளங்கவில்லை. வாடி திறந்த நாளில் இரண்டு பேரும் ஆளுக்கொரு தேங்காய் உடைத்ததை ஊர் கண்டது என்றார். கட்டி முடித்த மேசனைக் கொண்டு தேங்காய் உடைப்பிப்பது எங்கும் உள்ள வழமைதானே என்றார் அந்தச் சட்டத்தரணி. நல்ல கெட்டிக்காரன். நானும் அவனுடைய இடத்தில் இருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன்.

பேரின்பத்துக்கு ஏறாவூருக்குப் போய் வரவேண்டிய ஒரு அவசரம் இருக்கிறது என்று சொல்லி, அவனை முதலில் சாட்சிக் கூட்டில் ஏற்றி முடித்துவிட எதிர்த்தரப்பு அனுமதி கேட்டது. நான் மறுக்கவில்லை. ஹார்ட்வெயார் முதலாளி வெளியே வாங்கில் இருந்தார், அடுத்து அவர்தான். பேரின்பம் சாட்சிக் கூட்டில் நின்று, "நாளாந்தம் கூலி குடுத்தன் ஐயா. கூலிக்கு வந்த ஆள்தான்" என்றான். பின் வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. சாமித்தம்பி எழும்பி நின்றார்.

"ஐயா! நான் கூலிக்கு வேலை செய்தவன் எண்டு அவன் எங்கட கண்ணகை அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணினா இந்த வழக்க முழுசா விட்டுட்டுப் போறன்!"

நான் திரும்பி, "இருங்க சாமித்தம்பி! வாயப் பொத்திக்கிட்டு இருங்க!" என்று கத்தினேன். நீதிமன்றத்தில் நான் அப்படிக் கத்தினது அந்த ஒரு நாள்தான். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பேரின்பத்தின் முகத்தை ஒரு தரம் பார்த்தார், உடனே எழும்பி, நாங்கள் உடன்படுகிறோம் என்றார். நீதிபதி எனக்கு நேரம் தந்தார். சாமித்தம்பியை வெளியே கூட்டிப்போய், அந்த ஹார்ட்வெயார் முதலாளியின் முன்னால் வைத்தே மன்றாடினேன்.

"வெல்லப்போற வழக்கு இது. இந்தா, இவர் உள்ளுக்க வந்து ரெண்டு வசனம் சொன்னாக் காணும். வினோதினிட வீட்ட நெனச்சுப் பாருங்க."

"அவன் பண்ணமாட்டான் மிஸ்."

"பண்ணினா?"

"அம்மாளுக்கு முன்னால அவன் அப்பிடிச் சொல்லமாட்டான் மிஸ். எனக்கு அவனத் தெரியும்."

உள்ளே போய் அதையே திரும்பச் சொன்னார். நீதிபதி மூன்று தரம் கேட்டார், விளங்கித்தான் சொல்கிறீர்களா என்று. விளங்கித்தான் என்றார். சாமித்தம்பி சொன்ன சொல்லை அப்படியே பதிந்து, இரண்டு பகுதியிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அந்த மனிசன் வாழ்க்கையில் இட்ட முதல் ஒப்பந்தக் கையெழுத்து அதுவாகத்தான் இருக்கும்.

இனித்தான் வயிற்றெரிச்சல். எங்கள் பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயில்களில் பல, வருஷத்தில் ஒரு முறைதான் கதவு திறப்பார்கள். வைகாசிச் சடங்குக்குத் திறந்து, குளிர்த்தி என்கிற கடைசிச் சடங்கு முடிந்ததும் பூட்டினால் அடுத்த வைகாசிதான். நீதிமன்றம் திகதி போட்டது தை மாதத்தில். பதிவில் 'கோயிலில்' என்று இருந்தது. கதவு திறந்திருக்க வேண்டும் என்று இல்லை. கோயில் என்றாலே திறந்த கதவும் அம்மாளும்தான் சாமித்தம்பியின் மனதில். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. திகதியை வைகாசிக்கு மாற்றும்படி மனுப் போட்டேன். பதிவில் உள்ளதற்குத்தான் இரண்டு பகுதியும் உடன்பட்டது என்றார்கள். முடிந்தது.

அந்தக் காலையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வந்தார். சத்தியத்தைக் கேட்டு அறிக்கை கொடுக்க நீதிபதி அவரைத்தான் நியமித்திருந்தார். கோயில் நிர்வாகி, வண்ணக்கர் என்று சொல்வோம், திறப்புக் கொத்தை மடியில் செருகிக்கொண்டு நின்றார்.

"வைகாசி வராமக் கதவு திறக்க ஒண்ணா. கோட்டுச் சொன்னாலும் ஒண்ணா."

பேரின்பம் குளித்து, ஈர வேட்டியோடு வந்தான். பொய் சொல்ல வருகிறவனும் குளித்துவிட்டுத்தான் வருகிறான். பூட்டின கதவுக்கு வெளியே, கல்லில் வெற்றிலை வைத்து, கற்பூரம் ஏற்றினார்கள். சாமித்தம்பி முன்னுக்குப் போனார். நான் நினைத்தேன், ஏசப்போகிறார் என்று.

"வேணாம் மச்சான். புள்ளகுட்டிக்காரன் நீ. பண்ணாத. வாடிய நீயே வெச்சிக்க, இதச் சொல்லாத" என்றார்.

பேரின்பம் அவரைப் பார்க்கவே இல்லை. பூட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பூட்டு எவ்வளவு தைரியத்தைக் கொடுத்தது என்று அவன் முகத்தில் எனக்கு எழுத்தாகத் தெரிந்தது. "இந்த வாடியில சாமித்தம்பி கூலிக்கு வேலை செய்தவர்" என்று சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அமத்தினான். மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொண்டார். வழக்குத் தள்ளுபடியானது. மாப்பிள்ளை வீட்டார் அந்த மாதத்துக்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

சித்திரை வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் பேரின்பத்தின் மூத்த மகன் ஓட்டின நண்டு லொறி கொழும்பிலிருந்து வரும் வழியில் புரண்டது. பெடியன் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஊர் என்ன கதைத்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் சாமித்தம்பி என் வீட்டுக்கு வந்தார். வழக்கு முடிந்த பிறகு அவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

"மிஸ், அந்த வாடியில நான் ஒரு நாள் கூலிக்குப் போனா சட்டத்துல ஏதும் பிழையா?"

"என்ன விசர்க்கதை இது?"

"பூமணி வந்தவ மிஸ். வாசல்ல விழுந்து அழுறா. பின்சுவர் பூச்சு உரிஞ்சு கிடக்காம். வந்து கூலிக்குப் பூசித் தாங்க அண்ணன் எண்டு கேக்கா. கதவு திறக்கிறதுக்கு முதல்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. அம்மாள் இன்னும் பார்க்கவில்லை. வைகாசியில் கதவு திறந்ததும்தான் பார்ப்பாள். அதற்கிடையில் சாமித்தம்பி அந்த வாடியில் கூலிக்கு வேலை செய்துவிட்டால், 'கூலிக்கு வேலை செய்தவர்' என்ற சொல் பொய்யில்லை. சட்டத்தை வைத்துத் தப்பின ஆட்கள் இப்போது அம்மாளுக்கும் ஒரு சட்ட நுணுக்கம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"நல்லாப் போங்க. ஆனா போக முதல் வினோதினிட வீட்டுக்கான பெறுமதியக் கேளுங்க. உறுதிப் பத்திரத்துல பூமணி கையெழுத்து வைக்கட்டும். இப்ப கேட்டாத் தருவாங்க. நான் நொத்தாரிசோட நாளைக்கே வாறன்."

"புள்ள சாகக் கிடக்கக்குள்ள பேரம் பேசச் சொல்லுறீங்களா மிஸ்?"

"உங்கட புள்ள?"

"கூட்டாளிட புள்ள மிஸ்" என்றார். பிறகு எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரை மறித்து நிறுத்தியிருந்தால் அடித்தே இருப்பேன் என்று நினைக்கிறேன்.

போனார். பின்சுவரைப் பூசினார். பின்னேரம் வண்ணக்கரைச் சாட்சிக்கு அழைத்து, அவருடைய கண்ணுக்கு முன்னால் பேரின்பம் சாமித்தம்பியின் கையில் அன்றைய கூலியைக் கொடுத்தானாம். அத்தனை வருஷமாக ஒரு துண்டுக் கடதாசி தேவைப்படாத ஆட்களுக்கு அன்றைக்குச் சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. பெடியன் எழும்பினான். டொக்டர்மார் எழுப்பினார்கள் என்பேன் நான். ஊரில் வேறு காரணம் சொல்வார்கள். வைகாசியில் கதவு திறந்தபோது பேரின்பம் முன்னுக்கு நின்று கும்பிட்டானாம்.

சடங்கு முடிந்த கிழமையில் வினோதினி வந்தாள். டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை, வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். தகப்பனைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், திட்டினால் நானும் சேர்ந்து திட்டத் தயாராக இருந்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மிஸ், ஒரு சட்ட விஷயம் கேக்கணும்."

"கேளு புள்ள."

"வீடு கட்டித் தாறன் எண்டு அப்பா எனக்கும் வாயாலதான் சொன்னவர். எழுத்து ஒண்டும் இல்ல. அவர்ல வழக்குப் போட ஏலுமா?"

பகிடியோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"ஏலாது புள்ள" என்றேன்.

"சரி மிஸ்" என்று சொல்லி, பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.